பன்னிரண்டாம் கடை யாருக்கு?

ஒரு கடைக்கா இத்தனை கலாட்டா என்று கேட்பவர்கள், உச்சி வெயிலில் தார் ரோட்டோரம் ஒரே ஒரு நாள் குந்தி வியாபாரம் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லலாம்.

குறிஞ்சாநல்லூர் நகராட்சி, புதுப் பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு கடைகள் கட்டியது. பதினொன்று போய்விட்டது. மிச்சமிருந்த பன்னிரண்டாவதை ஒன்பதாவது வார்டின் தெருவோர வியாபாரிகளில் ஒருவருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. விண்ணப்பத்தைப் பெட்டியில் போட வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் சீட்டுக் குலுக்கல். கடைசி நாள் புதன்கிழமை, மாலை ஐந்து மணி.

செய்தியை ஊருக்குச் சொல்லும் வேலை காதர் மைதீனுடையது. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி, உள்ளே நகராட்சியில் பதிவு செய்து கொடுத்த குரல். செவ்வாய்க்கிழமை கிளம்பினார். "ஒன்பதாவது வார்டு பொதுமக்கள் கவனத்திற்கு! தெருவோர வியாபாரிகள் கடைக்கான விண்ணப்பங்களை நாளை மாலை ஐந்து மணிக்குள் சேர்க்க வேண்டும்!" தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போன ஆட்டோ, கடைசித் தெருவுக்குத் திரும்பும் முனையில் பஞ்சராகி நின்றது. விட்டதை மறுநாள் காலை தொடர்ந்தார் காதர். வேலையைப் பாதியில் விடுகிற ஆளில்லை அவர். அதே பதிவு, அதே குரல், அதே "நாளை". ஆனால் அன்றைக்குத்தான் புதன்கிழமை!

அந்தக் கடைசித் தெருவுக்குச் சுண்ணாம்புக் காளவாய்த் தெரு என்று பெயர். வார்டில் தெருவோரம் பிழைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மற்ற தெருக்களிலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது, மரகதவல்லியுடையது. நகராட்சி வாசலுக்கு நேர் எதிரே பூ விற்கிறவள். அவள் உட்காரும் இடத்தில் பத்து மணிக்கு நிழல் போய்விடும். பதினொன்றுக்கு மல்லிகை துவண்டுவிடும். பதினாறு வருஷமாக வாடிய பூவை வீட்டுக்குத் தூக்கிப்போகிறாள். தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தால் சாயங்காலம் வரை பூ தாங்கும்.

வியாழன் காலை சுண்ணாம்புக் காளவாய்த் தெருக்காரர்கள் நான்கு பேர் கையில் தாளோடு வந்தார்கள். "நேற்றோடு முடிந்தது" என்று கதவில் ஒட்டியிருந்தது. கீரை விற்கும் சூசையம்மாள் அதை இரண்டு தரம் படித்தாள். "நமக்கு எப்பவும் இப்படித்தான்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இளநீர் வண்டிக்காரரும் பொரி விற்பவரும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். செருப்புத் தைக்கும் அந்தோணிசாமி மட்டும் நகரவில்லை. போலீஸ்காரர் விரட்டி விரட்டி, ஒரு நாளைக்கு மூன்று தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிற மனிதர். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் ஆணையர் சங்கரவடிவு அம்மாளே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

காதரையும் மரகதவல்லியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

எழுத்தர் புவனேந்திரன் சொன்னார்: "தேதின்னா தேதிதான் மேடம். பலகையில நாள் போட்டு ஒட்டியிருக்கோம். நேரத்துல குடுத்தது இந்தம்மா ஒருத்தர்தான். கடை அவங்களுக்கு."

பலகையில் இருந்தது வாஸ்தவம். ஆனால் நாளைக்குத்தானே என்று இருக்கிறவன் இன்றைக்கு எதற்கு வந்து பலகையைப் பார்க்கப் போகிறான்? போங்கள்!

காதர் மைதீன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பஞ்சர் ஆனதை ஆபீஸ்ல சொல்லாதது என் தப்பும்மா. என் வேலை போனாலும் சரி, கடையை அந்தோணி அண்ணனுக்கே குடுத்துடுங்க."

ஆணையர் மரகதவல்லி, அந்தோணிசாமி இருவர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டு பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். மரகதவல்லி, இன்னைக்குக் காலை வரைக்கும் உங்களுக்குத்தான்னு இருந்த கடை. நீங்க ஒத்துக்கிட்டால்தான் செய்வேன். சம்மதமா?"

மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் வழியே எதிரே தன் கூடையைப் பார்த்தாள், அதைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். "சம்மதமில்லைம்மா" என்றாள். அந்தோணிசாமியின் முகம் செத்துப்போயிற்று. அவள் பேச்சை முடிக்கவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். எழுத்தர், காதர், ஆணையர், இந்த மூவரில் யார் சொன்னது சரி? மூன்றும் சரியில்லை என்றால், மரகதவல்லி சொன்ன அந்த வாக்கியம் என்ன?

விடை: மூன்றும் சரியில்லை. "வந்தது நாலு பேரும்மா, மத்த மூணு பேரையும் கூப்பிடுங்க" என்பதுதான் அவள் சொன்னது. வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் ஆயிற்றே, வந்தவர்களையும் பேசாமல் திரும்பியவர்களையும் பார்த்திருந்தாள். ஆட்டோ ஏமாற்றியது ஒரு தெருவை. ஆணையரோ சத்தம் போட்ட ஒருவரை மட்டும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். வாயில்லாதவருக்கும் அதே நியாயம்தானே? அன்று பிற்பகல் காதரே அந்தத் தெருவுக்கு ஆட்டோவை ஓட்டினார், இந்த முறை கிழமையைச் சொல்லி. தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் சேர, வெள்ளிக்கிழமை ஒன்பது சீட்டுகள் குலுக்கினார்கள். கடை சூசையம்மாளுக்கு விழுந்தது. மரகதவல்லி இன்னமும் அதே வெயிலில்தான் இருக்கிறாள். வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "இருக்காதா பின்னே?" என்று சொல்லிவிட்டு, வாடத் தொடங்கிய பூவின்மேல் தண்ணீர் தெளித்தாள்.