வாழைக்குப் போன கீரைத்தண்ணீர்

போன ஆடியில், அம்மன் கோயில் கூழுக்கு வரிசையில் நின்றபோது, மாவு மிஷின் பரிமளா இதை எனக்குச் சொன்னாள்.

தணிகாசலம் முப்பது வருஷம் மருந்து ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் சித்த வைத்தியர் அம்சவேணியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபது.

ஒருநாள் வந்து சலித்துக்கொண்டார்.

"அம்மா, கரிசலாங்கண்ணியில எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. இரும்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, எல்லாம் பார்த்தாச்சு. ஈரலுக்குக் காவல்னு சொல்ற வெடலோலாக்டோன்கூட இருக்கு."

"அந்தப் பேரைச் சொல்ல வாய் வலிக்கலையா ஐயா?"

"சிரிக்காதீங்க. காமாலை வந்து என் மகன் எழிலனுக்கு ஈரல் வீங்கிக் கிடக்கு. ஆஸ்பத்திரி மருந்தோட, நீங்க சொன்ன இந்தக் கீரையும் நாற்பது நாளாக் கொடுக்கிறோம். எலும்பும் தோலுமா இருக்கான். கீரையில என்ன குறை?"

குரு செருப்பை மாட்டிக்கொண்டு தணிகாசலத்தோடு அவர் வீட்டுக்கு நடந்தார்.

கொல்லைப்பக்கம் போய் வாழைமரத்தடியில் நின்றார். மண்ணெல்லாம் பச்சைக் கறை. மேலே கொழுத்த தார்.

"இந்த வாழைக்கு ஈரல் ரொம்ப நல்லா இருக்கும்போல."

தணிகாசலம் விழித்தார்.

அவர் மனைவி சகுந்தலா சட்டியோடு வந்தாள். கீரை வெந்த தண்ணீரை வாழையடியில் வடித்தாள்.

"ஐயோ! சத்தெல்லாம் அதிலதானே! ஏன் கொட்டுறே?"

"கசக்குதுன்னு தட்டைத் தள்ளிடுறான். வடிச்சுக் கொடுத்தாத்தான் ரெண்டு வாய் இறங்குது. நாற்பது நாளா இப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவன் சாப்பிடுறப்ப நீங்க என்னிக்கு வந்து உட்கார்ந்தீங்க?"

குரு அதே கீரையைப் புதிதாக ஆயச் சொன்னார். பாசிப்பருப்போடு, தண்ணீர் வடிக்காமல் கடைந்தாள் சகுந்தலா.

"ஐயா, மகன் பக்கத்தில உட்காருங்க. முதல் வாய் உங்களுக்கு."

தணிகாசலம் வாயில் வைத்தார். முகம் எட்டுக் கோணலானது.

எழிலன் சிரித்துவிட்டான். காமாலை வந்தபின் அதுதான் அவன் முதல் சிரிப்பு.

"நகருங்கப்பா. இதெல்லாம் உங்களால முடியாது" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முழுதும் சாப்பிட்டான்.

தணிகாசலம் குருவை நிமிர்ந்து பார்த்தார்.

குரு சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"சீரகம் கொஞ்சம் குறையுது. வேற குறை இல்லை."

எழிலன் தேறி வருகிறானாம். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவனுக்காகவும் ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.