இடது கைப் பக்கம் கடல்

பூவாணிக்குளத்துச் சொரிமுத்துவுக்குப் பெண் பார்த்தாயிற்று. பெண்ணுக்கும் அவனைப் பிடித்தாயிற்று. இன்னும் பிடிக்காமல் இருந்தது பெண்ணின் அப்பா வைத்திலிங்கத்துக்கு மட்டும்தான். அதற்குக்கூடச் சொரிமுத்து காரணமில்லை. மூத்த மாப்பிள்ளை காரணம்.

மூத்த மாப்பிள்ளை தர்மலிங்கம் சுயபுத்திக்காரர். ஒருநாள் கிணற்று மோட்டாரை நிறுத்தச் சொன்னதற்கு, தொட்டி இன்னும் கொஞ்சம் நிறையட்டுமே என்று தானாக ஒரு முடிவெடுத்து விட்டுவிட்டார். மோட்டார் கருகிப்போயிற்று. இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. புது மோட்டார் வாங்கி அதுவும் பழசாகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய மோட்டார் வைத்திலிங்கத்தின் நெஞ்சுக்குள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. புகையத்தானே செய்யும். மோட்டாரைக் கருக விட்டவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். கிணற்றிலிருந்து வாளியால் இறைத்தவனுக்குத்தான் தெரியும்.

அதனால் இளைய மாப்பிள்ளையிடம் அவர் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனா என்று மட்டும் கேட்டார்.

நிச்சயதார்த்தம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. அதற்கு முந்திய வாரம்தான் சொரிமுத்து தன் இரண்டு கூட்டாளிகளோடு சங்குத்தீவுக்குப் போவதாக இருந்தான். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கால் போன போக்கில் சுற்றி, கடற்கரையில் டென்ட் அடித்துத் தங்குவது இப்போது பையன்களுக்குள் ஒரு பழக்கமாகியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு விடமாட்டார்கள் என்று கூட்டாளிகள் சொன்னதால் அவனும் கிளம்பினான்.

கூட்டாளிகளில் ஒருவன் தளவாய். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் யோசித்துப் பதில் சொல்லுவான். அதனால் அவனை அறிவாளி என்று ஊரில் வைத்திருந்தார்கள். கண்ணை மூடிய நேரத்தில் அவன் தூங்கியிருக்கவும் கூடும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்னொருவன் ஏசுவடியான். கடைசியாகப் பேசினவர் சொன்னதே சரி என்பது அவன் கொள்கை.

பஸ் கிளம்புகிற நேரத்தில் வைத்திலிங்கம் வந்து ஜன்னலோரம் நின்றார்.

"மூணே மூணு விஷயம் சொல்லுதேன் மாப்ளே. முதுகுல மாட்டின பையை இறக்கக் கூடாது. களவு போயிரும். போற இடத்துல உள்ளூர்க்காரங்க என்ன சொல்லுதாங்களோ அதை அப்படியே செய்யணும், நம்ம புத்தியைக் கலக்கக் கூடாது. திங்கக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டு வாசல்ல நிக்கணும். இதுல ஒண்ணு பிசகினாலும் தாம்பூலத் தட்டு உள்ள போயிரும்."

"சரி மாமா" என்றான் சொரிமுத்து. கையோடு பையை மாட்டிக்கொண்டான். பஸ்ஸில் சாய முடியாமல், இருக்கையின் நுனியில் உட்கார்ந்தபடியே துறைமுகம் போய்ச் சேர்ந்தான். கூட்டாளிகளும் அப்படியே உட்கார்ந்தார்கள். அவன் கல்யாணம் தங்களால் கெட்டுப்போக வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம்.

தீவில் இறங்கியதும் முதல் சிக்கல் வந்தது. அரிசி, தீப்பெட்டி, பாத்திரம் எல்லாம் முதுகுப் பைக்குள் இருந்தன. பையை இறக்காமல் எப்படி எடுப்பது? தளவாய் கண்ணை மூடித் திறந்து ஒரு வழி சொன்னான். மூன்று பேரும் வட்டமாக நின்றார்கள். சொரிமுத்துவின் பையில் ஏசுவடியான் கைவிட்டான், ஏசுவடியான் பையில் தளவாய், தளவாய் பையில் சொரிமுத்து. அரிசியை எடுக்க ஒருவன் குனிந்தால் மூன்று பேரும் குனிய வேண்டியிருந்தது. அன்று கஞ்சி காய்ச்சி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் செல்லக்கனி என்கிற அம்மாள் ஒரு டீக்கடை வைத்திருந்தாள். பையன்களைப் பார்த்துப் பாவப்பட்டு, நாலு மணிக்குக் கடல் ஏறும், சாமானையெல்லாம் மேலே ஏற்றிவிடுங்கள் என்றாள். உள்ளூர்க்காரி சொல்லிவிட்டாள். ஆனால் சாமான் முதுகில் இருக்கிறது, முதுகை விட்டு இறக்கக் கூடாது. ஆகவே மூன்று பேரும் பையோடு ஒரு புன்னை மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கடல் ஏறி, மரத்தின் வேரை நனைத்துவிட்டு இறங்கியது. அவர்கள் இறங்கவில்லை. இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. மறுநாள் காலையில் செல்லக்கனி வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்கினார்கள்.

சனிக்கிழமை வந்தது. கரைக்குப் போகும் லாஞ்சு வாரத்துக்கு ஒருமுறைதான், அன்று மூன்று மணிக்கு. அதை விட்டால் திங்கட்கிழமை என்பது சொரிமுத்துவுக்கு இல்லை. காலை எட்டு மணிக்கே போய்ச் செல்லக்கனியிடம் வழி கேட்டான்.

"கடலை இடது கைப் பக்கம் விட்டுராம நடந்துக்கிட்டே இருங்க தம்பி. மூணு மணிக்கு லாஞ்சைப் பிடிச்சிரலாம்" என்றாள் அவள்.

நடந்தார்கள். ஒன்பது மணிக்கு ஒரு மரப்பாலம் வந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் லாஞ்சு ஒன்றும் இல்லை. நடந்துகொண்டே இருக்கச் சொன்னாள், மூன்று மணியும் ஆகவில்லை. அதனால் மேலே நடந்தார்கள். பத்து மணிக்கு ஒரு டீக்கடை வந்தது. உள்ளே செல்லக்கனி வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இது அந்த அக்கா மாதிரியே இருக்கே" என்றான் சொரிமுத்து.

தளவாய் கண்ணை மூடினான். "ஏல, அந்த அக்கா கடையை நாம பின்னாடி விட்டுட்டு வந்தோம். இந்தக் கடை முன்னாடி வருது. பின்னாடி விட்டது எப்படில முன்னாடி வரும்?"

ஆகவே இவள் அவளுடைய தங்கச்சி என்று முடிவானது. ஏசுவடியான் மரியாதையாகப் போய், உங்கள் அக்கா கடையில் காலையில் டீ குடித்தோம், சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றான். எனக்கு அக்காவே கிடையாது என்றாள் செல்லக்கனி. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போலிருக்கிறது, பெரிய சண்டை, கூடப் பிறந்ததையே இல்லை என்கிறாளே. தாங்கள் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று மெல்ல நடையைக் கட்டினார்கள்.

மரப்பாலம் மறுபடி வந்தது. இந்தத் தீவில் மரப்பாலங்கள் நிறைய என்று பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கு டீக்கடையும் வந்தது. இதுதான் மூத்தவள் என்று அவர்களுக்குத் தோன்றியது. சொரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டில் நல்லது நடக்கப் போகிற நேரத்தில் இரண்டு சகோதரிகளைச் சேர்த்துவைத்தால் புண்ணியம்தானே.

"அக்கா, அங்க ஒருத்தவுக உங்களை மாதிரியே கடை வச்சிருக்காக. உங்களுக்கும் அவுகளுக்கும் என்ன மனஸ்தாபமோ தெரியாது. விட்டுருங்க."

"என்னை மாதிரியேவா?" என்றாள் செல்லக்கனி.

"அச்சு அசலா. அதே சேலை. வடையும் இதே வடைதான்."

"அடுப்பு?"

"அடுப்பும் இதே பக்கந்தான் பாத்திருக்கு" என்றான் ஏசுவடியான்.

செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் தான் பாடுபட்டுச் சேர்த்த பெயரை எவளோ ஒருத்தி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போவதா? கடையைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், காட்டுங்கள் அவளை என்று முன்னால் நடந்தாள். போகிற வழியெல்லாம் அவளைக் கேட்கப் போகிற கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். கடை பூட்டியிருந்தது.

"பாத்தீங்களா? நான் வாரேன்னு தெரிஞ்சதும் பூட்டிட்டு ஓடிட்டா" என்றாள் செல்லக்கனி. கோபத்தில் தன் சாவியை அந்தப் பூட்டில் விட்டு ஒரு திருகு திருகினாள். பூட்டு திறந்துகொண்டது. "பூட்டுகூட என்னைப் பாத்துத்தான் வாங்கியிருக்கா."

உள்ளே போய் அடுப்பை மூட்டி மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஆளுக்கு இரண்டு குடியுங்கள், வடையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவள் சரக்குத்தானே என்றாள். பிறகு அவள் திரும்பி வரட்டும், ஒரு கை பார்க்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கும் அங்கேதான் காத்திருக்கிறாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் மரப்பாலம் வந்தது. இந்தத் தடவை அதன் நுனியில் லாஞ்சு நின்றது. சொரிமுத்துவுக்கு உயிர் வந்தது. பாலத்தில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பாலத்துக்கு இடது பக்கமும் கடல், வலது பக்கமும் கடல்.

"இடது கைப் பக்கம்தானல சொன்னா?" என்றான் மெதுவாக.

"வலது பக்கத்தைப் பத்திப் பேச்சே இல்லை" என்றான் தளவாய்.

"அப்ப கால் வைக்கக் கூடாது" என்றான் ஏசுவடியான்.

லாஞ்சுக்காரர் மணி அடித்தார். மணி மூன்றாகிவிட்டது, வாருங்கள் என்று கத்தினார். சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது. ஏறினால் சொன்ன சொல் போகும், ஏறாவிட்டால் பெண் போகும். அந்தப் பெண் பிரம்மசக்தி, பார்க்கப் போன அன்று அவனுக்கு மட்டும் கூட ஒரு கரண்டி கேசரி வைத்தவள். தளவாய் கண்ணை மூடினான். லாஞ்சுக்காரர் இரண்டாம் தடவை மணி அடித்தார். தளவாய் கண்ணைத் திறந்தான்.

"கரைன்னா என்ன? மண்ணு. மண்ணை வலது பக்கம் கொண்டுபோனா அது கரைதானே."

ஒரு சாக்கு கிடைக்குமா என்று லாஞ்சுக்காரரிடம் கேட்டார்கள். தொல்லை விட்டால் போதும் என்று அவர் ஒரு காலிச் சாக்கை வீசினார். மணலை அள்ளி நிரப்பினார்கள். சொரிமுத்து இடது ஓரம், நடுவில் ஏசுவடியான், வலது ஓரத்தில் தளவாய் நின்று தன் வலது கையில் தீவைத் தூக்கிக்கொண்டான். முறைப்படி நடந்து, முறைப்படி ஏறினார்கள்.

கரையில் இறங்கியதும் அடுத்த சிக்கல். கடலை விட்டுவிடலாம் என்று செல்லக்கனி சொல்லவில்லை. பஸ் ஊருக்குள் போகிறது, கடல் கூட வராது. இனி யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை, பழகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி, கடலை விளிம்பு வரை மொண்டு, சொரிமுத்து இடது இடுப்பில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் கண்டக்டர் குடத்தை அந்தப் பக்கம் வையுங்கள் என்றார். அந்தப் பக்கம் கரை இருக்கிறது என்றார்கள். அவர் அதற்கப்புறம் அவர்கள் பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வைத்திலிங்கம் வீட்டு வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். முதுகில் பை, இடது பக்கம் கடல், வலது பக்கம் கரை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். தர்மலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வைத்திலிங்கம் நடந்ததையெல்லாம் கேட்டார். கடைசியாக, "பையை இன்னுமா இறக்கலை?" என்றார்.

"நீங்க சொல்லலியே மாமா."

பெரிய மனுஷர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு வருஷமாகப் புகைந்தது அன்றுதான் அணைந்தது. திரும்பித் தர்மலிங்கத்தைப் பார்த்து, "கேட்டீரா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

தட்டு மாற்றும் நேரத்தில்தான் பெரிய சிக்கலாகிவிட்டது. பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். அங்கே கடல் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தால் நடுவில் கடல் வந்து பிரிக்கும், அது சகுனத்துக்கு ஆகாது என்றார்கள் பெரியவர்கள். கடலை நகர்த்தினால் சொன்ன சொல் தவறும் என்றார் வைத்திலிங்கம். தாம்பூலத் தட்டு அந்தரத்தில் நின்றது. அப்போது பிரம்மசக்தியே வந்து இடது பக்கம் உட்கார்ந்து, "இங்க தாங்க" என்று குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடும்பத்துக்கு ஏற்ற பெண் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தட்டு மாறியது. வைத்திலிங்கம் சந்தோஷமாகக் குனிந்து குடத்துக்குள் பார்த்தார். பஸ் குலுக்கியதில் பாதிதான் மிச்சம் இருந்தது.

"கடல் இவ்வளவு கீழ கிடக்கே?"

தளவாய் கண்ணை மூடித் திறந்தான். "இப்ப வத்தம் மாமா. நாலு மணிக்கு ஏறும்."

"எவ்வளவு ஏறும்?"

"அங்க புன்னை மரத்து வேர் வரைக்கும் ஏறுச்சு" என்றான் சொரிமுத்து. "சாமானையெல்லாம் மேல ஏத்திரணும்னு உள்ளூர்க்காரவுக சொன்னாக."

வைத்திலிங்கம் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. "முதல்ல மோட்டாரைக் கழட்டுங்க" என்றார்.

மோட்டார் மாடிக்குப் போயிற்று. நெல் மூட்டை போயிற்று, சாம்பார் அண்டா போயிற்று, பந்தி இலைகள் போயின. சொந்தக்காரர்கள் எல்லோரும் போனார்கள். பெண் குடத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் மாப்பிள்ளையின் இடது பக்கமே உட்கார்ந்தாள்.

தர்மலிங்கம் மட்டும் கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சுயபுத்திக்காரர் அல்லவா. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாடிச் சுவரோரம் வரிசையாக நின்று அவரையே பார்த்தார்கள். வைத்திலிங்கம் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

மணி மூன்றரை ஆயிற்று. தர்மலிங்கத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தெருவைப் பார்த்தார். கதவிடுக்கைப் பார்த்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரும் படியேறினார்.