காத்திருக்கச் சொன்ன குரல்

நாகர்கோவிலில், ஒரு மாடி வீட்டில் பியூலா என்றொருத்தி இருந்தாள். ஒன்பது வயது மகள் ஜெமிமாவுக்கு அவளே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் குழந்தை கேள்வி கேட்டபோதெல்லாம் வாயை மூடச் சொன்னார்கள், அதனால்தான் நிறுத்திவிட்டாள். கணவருக்குக் கப்பலில் வேலை. சமையல், துணி, பாடம் எல்லாம் அவள் ஒருத்தி தலையில்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மகளுக்காக ஒரு மைக்ராஸ்கோப் வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்தால் கண்ணாடி கீறிக் கிடந்தது. அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டாள். தேனில் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு குரல், “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்” என்றது. பிறகு ஒரு பாட்டு வந்தது. வெகுநேரம் கழித்து ஓர் ஆள் எடுத்தான். புகார் எண்ணைக் கேட்டான். இது வேறு பிரிவு என்று சொல்லி, அவளைத் திரும்பவும் அந்தக் குரலிடமே விட்டுப்போனான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பஸ் ஏறி அவர்களுடைய கடைக்குப் போனாள். அங்கே இருந்தவன் முகத்தை நிமிர்த்தாமலே, போனில் சொல்லுங்கள் என்றான்.

பிறகு அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டே தோசை சுட்டாள், துணி உலர்த்தினாள். ஜெமிமா பக்கத்தில் வந்து ஏதாவது கேட்டால், பொறு என்று கையைக் காட்டினாள். எந்த நிமிஷமும் ஆள் எடுத்துவிடலாம் அல்லவா?

பத்தாம் நாள் காலை அவளுக்கு வெறுத்துப்போனது. போனை அணைத்தாள். குரல் நிற்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், பாடம் நடத்தும்போது அவள் உட்காரும் நாற்காலியிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது.

“போனை வச்சாச்சு. நீ போ” என்றாள் பியூலா.

“காத்திருப்பவர்கள் உள்ள இடத்தில்தான் நான் இருப்பேன்” என்றது குரல், தேன் மாறாமல்.

“நான் இனி காத்திருக்கப் போறதில்ல.”

“உங்களைச் சொல்லவில்லை.”

பியூலாவுக்கு விளங்கவில்லை. அப்போது பெட்டிக்குள்ளிருந்து மைக்ராஸ்கோப் மெல்லப் பேசியது. “எனக்கு இருக்கிறது ஒத்தைக் கண்ணு. அதிலயும் கீறல். எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலியா?”

பியூலா திரும்பினாள். ஜன்னலோரம் ஜெமிமா மூடிய நோட்டின்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் வரும் பாட்டை, ஒரு சுரம் பிசகாமல், முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை.

எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறாள் என்று பியூலா கேட்டாள். முதல் நாள் பதினோரு கேள்வி கேட்டாள், மூன்றாம் நாள் இரண்டு, ஐந்து நாளாக ஒன்றுமே இல்லை என்றது மைக்ராஸ்கோப்.

மகளைக் கூப்பிட பியூலா வாயைத் திறந்தாள். “சிறிது நேரத்தில் உங்களுடன் பேசுகிறோம்” என்று வந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். மெத்தை நிமிர்ந்திருந்தது. குரல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

அவள் அடுப்பை அணைத்தாள். மகளுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்துவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு மகள் முகத்தையே பார்த்திருந்தாள். பேசு, ஏதாவது சொல்லி வை என்று குரல் தொண்டைக்குள் முட்டியது. வெளியே மழை பிடித்து, உலர்த்தின துணியெல்லாம் நனைந்தது. அவள் எழவில்லை. பத்து நாளாக அவள் ஏங்கிய கம்பெனி எண்ணிலிருந்தே போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவள் எழவில்லை.

ஊரையெல்லாம் காக்கவைத்த அந்தக் குரல் தான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. பத்து மணிக்கு அது முனகத் தொடங்கியது. பதினொன்றுக்கு அதன் தேன் வற்றிப்போயிற்று. உச்சி வேளையில் அது கெஞ்சியது.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? அதையாவது யாராவது சொல்லுங்களேன்.”

யாரும் சொல்லவில்லை. பியூலாவின் தொண்டையிலிருந்து சில்லென்று ஏதோ ஒன்று நழுவி, கதவிடுக்கு வழியே போனது.

பாட்டு நின்றது. ஜெமிமா கண்ணைச் சிமிட்டினாள். அம்மா ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பவள்போல் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“அம்மா, மழை பெய்யும்போ எறும்பெல்லாம் எங்க போவும்?”

வாயைத் திறக்கப் பியூலாவுக்குப் பயமாக இருந்தது. அதோடு, அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

“தெரியாது மக்களே” என்றாள்.

பத்து நாளில் அந்த வீட்டில் ஜெமிமாவின் ஒரு கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அது.