ஜமீன்தாரின் தலையணை எறும்புகள்

சொத்தைப் பல் வலியில் ஜமீன்தார் துடித்தார். வைத்தியர்கள் ஓடிவிட்டார்கள், கண்ணில் பட்டவள் படுக்கை விரிக்கும் மாடத்திதான்.

"என் பல்லைத் தின்னும் திருடனைப் பிடி! இல்லையென்றால் உனக்குக் கசையடி!"

"பிடிச்சிரலாம் எசமான். திருடனுக்குச் சோறு போட்டவனுக்கும் கசையடின்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

"ஆமாம்! எவன் அவன்?"

மாடத்தி தலையணையை உதறினாள். எறும்புகள் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தன.

"கன்னத்துல அல்வாவை அடக்கிக்கிட்டே தூங்குறீங்க. வாய் கொப்புளிக்கிறதில்ல, வேப்பங்குச்சியைத் தொடுறதில்ல. பல்லிடுக்குல தங்குன இனிப்பைத் தின்னுட்டுக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புளிப்பைக் கக்குது, பல்லு அரிச்சுப்போகுது. சோறு போட்டது நீங்கதான் எசமான்!"

கசையோடு நின்ற சேவகன் ஜமீன்தாரின் முதுகைப் பார்த்தான்.

"அடேய், அதைக் கீழே போடு! வேப்பங்குச்சி கொண்டுவா!" என்று ஜமீன்தார் அலறினார்.

அன்று முதல் அரண்மனையில் பட்டினி கிடந்தவை தலையணை எறும்புகள்தாம்.