வரிசையின் வாலில் ஒரு வாத்து

கோடையில் வற்றிவிடும் ஒரு குட்டையில் மருதன், கூழையன் என்று இரண்டு புள்ளிமூக்கு வாத்துகள் இருந்தன. குட்டை வற்றினால் அங்குள்ள பறவைகளைத் தண்ணீர் இருக்கும் வேறு குட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும். முன்னால் பறந்து வழி காட்டுவது இவர்கள் இருவரின் வேலை. குட்டைக்குப் பொறுப்பு ஒரு தாழைக்கோழி. அவள் கொடுத்த கூலி, ஒண்டிக்கொள்ள ஒரு நாணல் புதரும் கொஞ்சம் பாசியும். அவ்வளவுதான்.

மருதனின் ஆசை அந்தப் பாசியில் இல்லை. மார்கழி பிறந்தால் வடக்கிலிருந்து பெரிய வாத்துகள் வந்து இறங்கும். தலையில் கருங்கோடு போட்டவை. பனிமலைக்கு மேலே பறந்து வருகிறவை. அந்த மலையை ஒரே ஒரு தடவை மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று அவன் ஏங்கிக் கிடந்தான்.

பெரிய வாத்துகளின் தலைவர் அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்.

“குட்டைக் கூட்டத்துக்கு ஐந்து கோடை வழி காட்டுங்கள். அப்புறம் எங்கள் வரிசையில் இடம் உண்டு. இது வாக்கு!”

ஐந்து கோடை முடிந்தது. பங்குனியில் பெரிய கூட்டம் வடக்கே கிளம்பியது. “இரண்டு பேரும் வாருங்கள்!” என்றார் தலைவர்.

தாழைக்கோழி ஓடி வந்தாள். “ஐயோ, ரெண்டு பேரும் போயிட்டா என் குஞ்சு குளுவானையெல்லாம் யாரு கூட்டிப் போறது? மருதா, நீ மட்டும் ஒரு வருஷம் இருப்பா. புதுசா ஒருத்தனைப் பழக்கிவிட்டுட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போகும்!”

கூழையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மருதன் சிரித்தான். “ஒரு வருஷம்தானே! நீ போடா. மலை எங்கேயும் ஓடிப் போயிடாது.”

“தாராளமாக இரு. உனக்கு இடம் உண்டு” என்றார் தலைவர்.

எந்த இடம் என்று மருதன் கேட்கவில்லை.

அந்தக் கோடை மோசமான கோடை. நடுவழியில் புழுதிக்காற்று பிடித்துக்கொண்டது. மருதனின் வலது சிறகில் இரண்டு இறகு ஒடிந்தது. ஆனால் ஒரு குஞ்சைக்கூட அவன் விட்டுவிடவில்லை. புதியவன் ஒருவனையும் பழக்கி வைத்தான்.

அடுத்த பங்குனியில் பெரிய கூட்டத்தில் சேர்ந்தான். வரிசையில் கடைசி இடம். அவனுக்கு முன்னால் கூழையன்.

“வந்துட்டியா! இனிமே என் வாலைப் பார்த்துக்கிட்டே வா!”

“உன் வால்ல பார்க்க என்னடா இருக்கு?” என்று மருதனும் சிரித்தான்.

பல நாள் பறந்தார்கள். ஒரு மாலை, வானத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மலை! மருதனுக்கு அன்று இரை இறங்கவில்லை.

அடிவாரத்து ஏரியில் இறங்கியபோது, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாரை வந்து சேர்ந்தது. “அங்கே இந்த வருஷம் புல்லே முளைக்கவில்லை. இத்தனை வாய்க்குத் தாங்காது!” என்றது.

தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார். “இந்த வருஷம் சேர்ந்தவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம்.”

மருதனும், வழியில் வேறு குட்டைகளிலிருந்து வந்து சேர்ந்த நாலைந்து பேரும் ஒதுங்கினார்கள்.

“ஐயா, நான் ஆறு கோடை முன்னால் பறந்தவன்! இறகு ஒடிந்தும் ஒரு குஞ்சை விடாதவன்!”

“அது குட்டைக் கணக்கப்பா. எங்கள் கணக்கு, நீ எங்களோடு சேர்ந்த நாளிலிருந்துதான். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.”

மருதன் கூழையனைப் பார்த்தான். “ஒரு வருஷம்தானேடா வித்தியாசம்...”

“அந்த ஒரு வருஷம்தான்டா” என்றான் கூழையன்.

விடிந்ததும் கூட்டம் எழும்பியது. வெள்ளைக்கு மேலே கரும்புள்ளிகளாகி மறைந்தது. மருதன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். கீழேயிருந்து பார்த்தால் மலை வெறும் சுவர்தான்.

தனியாகவே தெற்கே திரும்பி வந்தான்.

“வந்துட்டியாப்பா!” என்றாள் தாழைக்கோழி. “ஆனா முன்னால ஆள் இருக்கே. நீ வால்ல வா. புதுசா வர்றவங்களுக்கு அதுதான் இடம்.”

“நான் புதுசா?”

“இன்னிக்குத்தானே வந்து சேர்ந்தே!”

குட்டை வற்றியது. பறவைகள் கிளம்பின. எல்லோருக்கும் பின்னால் மருதன். பாதி தூரத்தில் மறுபடியும் புழுதிக்காற்று. முன்னால் போனவன் தடுமாறி மேற்கே திரும்பினான். மேற்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தப் புழுதியிலும் திசை தெரிந்தது மருதன் ஒருவனுக்குத்தான்.

“கிழக்கே! கிழக்கே திரும்பு!” என்று கத்தினான்.

எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை அவனுக்குப் பின்னால் கொண்டு போனது. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பின.

தன் உழைப்பை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளாதவனுக்கு, எந்த வரிசையிலும் கடைசி இடம்தான் மிஞ்சும்.