ஆவாரஞ்செடிக்கு அம்மை போட்ட கதை

ஒரு காட்டில், மரத்தைவிட மணல் அதிகமாக இருந்த ஒரு செம்மணல் தேரிக்காட்டில், மாசானம் என்று ஒரு முயல் இருந்தது. நல்ல முயல்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று தலையாட்டிவிடும். "வேண்டாம்" என்ற சொல் அதன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

பக்கத்து மேட்டில் இருந்த பேச்சி என்ற முயலைக் கல்யாணம் செய்துகொள்ள மாசானம் ஆசைப்பட்டது. பேச்சிக்கும் சம்மதம்தான். பேச்சியின் அப்பா வேலாண்டி மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டது.

"ஓர் ஆவாரஞ்செடி வளர்த்துப் பூக்க வையும், பார்ப்போம். செடியைக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் என் பிள்ளையைக் கொடுப்பேன். செடி பட்டுப்போச்சுன்னா இந்தப் பக்கம் தலைகாட்டப்படாது."

ஆவாரை என்பது மழை இல்லாத மண்ணிலும், கொளுத்துகிற வெயிலிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிற செடி. மாசானம் ஒரு விதையை மணலில் புதைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்தது. செடி முளைத்து, முயலின் காது உயரத்துக்கு வந்தும்விட்டது.

அதற்குள் சேதி காடெல்லாம் பரவிவிட்டது. கல்யாணச் செடி என்றால் உதவிக்கு ஆள் வராமல் இருக்குமா?

முதலில் எருமை அண்ணாச்சி வந்தது.

"அடப் பாவமே, பிள்ளை இப்படிக் காஞ்சு கிடக்கே! சேத்துல கிடந்தாத்தானே உடம்பு குளிரும்? நான் அனுபவப்பட்டவன் சொல்றேன், மக்கா." வாய் நிறையக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது. மறுபடி போனது. மறுபடி கொட்டியது.

"சரி, அண்ணாச்சி" என்றது மாசானம்.

அடுத்து ஆந்தை வந்தது. "இந்தப் பாழாப்போன வெளிச்சத்துல பச்சைப் பிள்ளை எப்படிக் கண்ணை மூடும்?" பனையோலைகளை இழுத்துவந்து செடியை இருட்டாக மூடியது.

"சரி, அக்கா."

பிறகு குரங்கு வந்தது. "பேன் பார்க்க ஆள் இல்லாமலா பிள்ளை வளர்க்கிறே?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாக விலக்கிப் பார்த்தது. பேன் இல்லை. "கள்ளப்பயலுக, இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கானுக" என்று இலைகளைக் கிள்ளிப் போட்டது.

"சரி, சித்தப்பா."

செடி மஞ்சளாக வெளுத்தது. தலை தொங்கியது.

"தண்ணி பத்தலை" என்றது எருமை. "இருட்டு பத்தலை" என்றது ஆந்தை. "பேன்தான்" என்றது குரங்கு. எருமைக்குத் துக்கம் தாங்கவில்லை. செடியின் மேலேயே குனிந்து அழுதது. அந்தத் தண்ணீரும் வேரில்தான் இறங்கியது.

அவர்கள் மூவரும் சாப்பிடப் போன நேரத்தில் பேச்சி வந்து பார்த்தது. மண்ணில் மூக்கை வைத்ததும் திடுக்கிட்டது.

"வேர் அழுகப் போகுதே! யாரு இவ்வளவு தண்ணி ஊத்தினது?"

"அண்ணாச்சிதான். பாசமா ஊத்துறாரு. எப்படி வேண்டாங்கிறது?"

"இது என்ன முங்கிக் குளிக்கிற செடியா? வெயிலைக் குடிச்சு வளர்ற செடி! இது செத்தா நமக்குக் கல்யாணமே கிடையாது."

"சரி" என்றது மாசானம்.

"இதுக்குமா சரி!" என்று தலையில் அடித்துக்கொண்டு பேச்சி ஓடியது. வேப்பிலைக் கொத்துகளை ஒடித்துவந்து செடியைச் சுற்றி நட்டது. ஓலைகளைப் பிரித்து எறிந்தது. பிறகு காடே கேட்கும்படி கத்தியது:

"யாரும் கிட்ட வராதீங்க! செடிக்கு அம்மை போட்டிருக்கு!"

ஓடிவந்த மூவரும் அப்படியே நின்றார்கள். குரங்கு தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"அதான் மஞ்சளா இருந்திருக்கு! நாமதான் கவனிக்கலை" என்றது ஆந்தை.

"ஒரு வாய் தண்ணி மட்டும்..." என்று இழுத்தது எருமை.

"அம்மை போட்ட பிள்ளையைக் குளிப்பாட்டுவாங்களா, அண்ணாச்சி? மூடவும் கூடாது. தொடவும் கூடாது. அம்மை இறங்குற வரைக்கும் காத்தாட விடணும்."

மூவரும் எட்ட நின்று கும்பிட்டார்கள். அம்மை போட்ட இடத்தில் தாளிக்கக் கூடாது என்று எருமை அன்றிலிருந்து தாளித்த குழம்பு சாப்பிடுவதை விட்டுவிட்டது. அதற்கு முன்பும் அது தாளித்த குழம்பு சாப்பிட்டதில்லை.

வெயில் அடித்தது. சேறு காய்ந்து வெடித்தது. செடி நிமிர்ந்து, புது இலை விட்டது. பிறகு கிளையெல்லாம் மஞ்சளாகச் சின்னச் சின்ன மொட்டுகள்.

"ஐயையோ, உடம்பெல்லாம் முத்து போட்டிருச்சே!" என்று தூரத்திலிருந்தே குரங்கு அலறியது.

ஒரு காலையில் முத்துகள் எல்லாம் மலர்ந்தன. பார்க்க வந்த வேலாண்டி செடியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் பேன் எடுத்துவிட்டதாலதான் தப்பிச்சுது" என்றது குரங்கு. "போடா, நான் தூங்க வச்சதால" என்றது ஆந்தை. சண்டை போட்டுக்கொண்டே இருவரும் போய்விட்டார்கள்.

எருமை மட்டும் துள்ளிக் குதித்தது. "அம்மை இறங்கிட்டுல்லா? அப்போ தலைக்குத் தண்ணி ஊத்தணுமே!" என்று குளத்துக்கு ஓடி, கன்னம் இரண்டும் உப்பத் தண்ணீரோடு வந்து நின்றது.

வேலாண்டி மாசானத்தைப் பார்த்தது. பேச்சியும் பார்த்தது.

"ச..." என்று ஆரம்பித்த மாசானம், எருமைக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றது.

"வேண்டாம், அண்ணாச்சி."

"ம்ம்?" என்றது எருமை.

"வேண்டாம். இதுக்கு வெயில் போதும்."

வேலாண்டியின் மீசை மெல்லச் சிரித்தது. "நாள் குறிச்சிரலாம், மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போனது.

வாயில் தண்ணீர் இருந்ததால் எருமையால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. செடியைப் பார்த்தது. முயலைப் பார்த்தது. மடக்கென்று தண்ணீரை விழுங்கிவிட்டு, வாலை ஆட்டியபடி குளத்தைப் பார்த்து நடந்தது.

நீதி: யாரை வளர்த்தாலும் அவர்களுக்கு எது வேண்டும் என்று அறிந்து வளர்க்க வேண்டும், நமக்குப் பிடித்ததை அவர்கள் தலையில் ஊற்றக் கூடாது.