மாடத்தி ராஜாவை அதட்டிய கதை

முன்னொரு காலத்திலே தினைக்குளம் என்கிற நாட்டைக் கோப்பெருமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் கொசுவுக்கும் தண்டனை விதிப்பார். குஷி வந்தால் அதே கொசுவுக்கு மானியம் எழுதிவைப்பார். அப்படி ஒரு மனுஷர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஜனங்கள் நகைநட்டைக் கலயத்தில் போட்டு, வாயைக் கட்டி, அரண்மனைப் பண்டகசாலையில் கொடுத்துவிட்டு, காவலர் காதில் ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லிவிட்டு வருவார்கள். பிறகு யார் வந்து அந்தச் சொல்லைச் சொன்னாலும் கலயம் அவர்கள் கைக்குப் போகும். முகம் பார்க்கும் பழக்கமே கிடையாது. மந்திரி அம்பலவாணர் செய்த ஏற்பாடு அது.

கடைவீதியில் சுண்ணாம்பு விற்கும் மாடத்தியும் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு காசுமாலையை அங்கே வைத்திருந்தாள். இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அது போய்விட்டது. பாவம், அழுதுகொண்டே சபைக்கு ஓடிவந்தாள்.

“மகராசா, அரமனைத் தலப்பாவோட ஒருத்தன் வந்தான். ‘கலயம் எல்லாம் மாறிப்போச்சு, உன் சொல்லை இப்பவே சொல்லு, இல்லேன்னா உன் நகை அடுத்தவன் கைக்குப் போயிரும்’னு பதறினான். நானும் பதறிச் சொல்லிட்டேன்!”

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் மகிழ்மாறர் என்ற சபைப் பிரபு ஒருவர், மீசையை நீவிக்கொண்டு எழுந்தார். “தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாள், மன்னா. அறிவிருந்தால் சொல்லுவாளா? இந்த லட்சணத்தில் ஓர் ஏற்பாடு, அதற்கொரு மந்திரி! எமனே வந்து கேட்டாலும் என் சொல் வெளியே வராது.”

“வந்துவிட்டால்?” என்றார் அம்பலவாணர்.

“என் கலயத்துக் காசுமாலையை இவளுக்கே கொடுக்கிறேன். வராவிட்டால் நீர் மந்திரிப் பதவியை விட்டு இறங்க வேண்டும்!”

ராஜாவுக்குக் குஷி பிடித்துக்கொண்டது. “பலே! ஏழு நாள் கெடு!”

வெளியே வந்ததும் மந்திரி, “தாயி, அந்தத் திருடன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் உன்னால் சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

“மறக்கக்கூடிய பேச்சாய்யா அது?” என்றாள் மாடத்தி. நெஞ்சில் சூடு போட்ட மாதிரி அல்லவா இருந்தது அவளுக்கு!

சனிக்கிழமை. மகிழ்மாறர் தலை நிறைய எண்ணெயோடு முற்றத்து மணையில் உட்கார்ந்திருந்தார். அரண்மனைப் பணிப்பெண் உடையில் மாடத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“ஐயா, கலயம் எல்லாம் மாறிப்போச்சு! உங்க சொல்லை இப்பவே சொல்லுங்க, இல்லேன்னா நகை அடுத்தவன் கைக்குப் போயிரும்!”

“ஐயையோ! பலாக்கொட்டை! பலாக்கொட்டை என்று சொல், ஓடு!”

சபையில் அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? சுண்ணாம்புக்காரிதானே என்று கூரையைப் பார்த்துக்கொண்டு பேசிய மனுஷர்.

ஏழாம் நாள் மகிழ்மாறர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “ஒரு ஈ, காக்கை என் பக்கம் வரவில்லை, மன்னா!”

மாடத்தி அவருடைய கலயத்தைக் கொண்டுவந்து ராஜாவின் முன்னே வைத்தாள். “பலாக்கொட்டைய்யா” என்றாள். சபை குலுங்கியது. மகிழ்மாறர் முகத்தில் ஈயாடவில்லை. கலயத்தைத் திறந்து காசுமாலையை எடுத்துக் கொடுத்தார்.

“பெரிய மனுஷனும் பதறினால் சொல்லிவிடுகிறான், மன்னா. இவளை மட்டும் முட்டாள் என்பது நியாயமா?” என்றார் மந்திரி.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். “மாடத்தி, உனக்கு என் பரிசு! என் சொந்தக் கலயத்திலிருந்தே ஒரு முத்துமாலை! நீயே போய் எடுத்துக்கொள். சொல் என்னவென்றால்...”

“வாயை மூடுங்க மகராசா!”

சபை உறைந்துபோனது. காவலர்கள் வேல்களைத் தூக்கினார்கள். ஆனாலும் மாடத்தி விடாமல் சொன்னாள்: “குஷியில சொன்னாலும் போனது போனதுதானே? நீங்களே எடுத்து வந்து குடுங்க.”

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. தாமே போய் முத்துமாலையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அன்றே தண்டோரா போட்டார்கள்: ‘அரண்மனை ஆள் யாரும் உங்கள் சொல்லைக் கேட்டு வரமாட்டார். கேட்டு வந்தவனைக் கட்டிப்போடுங்கள்!’ மூன்றாம் நாளே கடைவீதிப் பெண்கள் தலைப்பாக்காரனைத் தூணோடு கட்டிவைத்தார்கள். பறிபோன நகைகள் வீடு திரும்பின. மாடத்தியும் தன் மாலை கிடைத்ததும் மகிழ்மாறருடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

கல்யாணத்துக்கு ராஜா, ராணியோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். “என்னை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் இவள்தான்!” என்று எல்லோரிடமும் பெருமையடித்தார்.

பக்கத்தில் இருந்த ராணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “சபையில் முதல் ஆள் என்று சொல்லுங்கள்.”